ஒழுகல் மாரியும் துணிக்கூரை வண்டியும்

ரங்கூனில் பசுந்தாங் பேட்டையில் கூரை ஒழுகினாலும் சரி, குழாய் ஒழுகினாலும் சரி, முதலில் ஆள் அனுப்புவது மாரிச்சாமிக்குத்தான். பர்மாக்காரர்கள் அவரை ‘ஊ மாரி’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். தமிழர்கள் ‘ஒழுகல் மாரி’ என்பார்கள். அதுவும் முகத்துக்கு நேரே இல்லை, அவர் நாலு எட்டு நடந்த பிறகு. அந்தப் பெயர் அவர் காதுக்கு எட்டாமல் இல்லை. எட்டியதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஐம்பத்தெட்டு வயது, குட்டையான உருவம். லோஞ்ஜியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினால் உச்சந்தலை மட்டும் வெளியே தெரியும். ஒரு முழ நீளச் செப்புக் குழாய் எப்போதும் கையில் இருக்கும். சுவருக்குள் எங்கே கசிகிறது என்று தெரியாத வீட்டில், குழாயின் ஒரு முனையைச் சுவரில் ஊன்றி மறுமுனையில் காதை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில் பிள்ளைகள் பேசக்கூடாது, மின்விசிறி ஓடக்கூடாது. கொஞ்ச நேரம் கழித்து, ‘இங்க’ என்று ஆணியால் ஒரு கோடு கிழிப்பார். உடைத்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது தடவை அங்கே ஈரம் இருக்கும். பத்தாவது தடவை, சுவர் கட்டினவன் தப்பாகக் கட்டியிருக்கிறான் என்று சொல்லிவிட்டு அடுத்த கோடு கிழிப்பார்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்குத்தான் அந்த வண்டி வந்து சேர்ந்தது.

ஏரிக்கரைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் டோ தின் தின் என்ற டாக்டரம்மா இருந்தார். அந்த வீட்டுக் குழாய்களை இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் மாரிச்சாமி. இந்த மே மாதம் டாக்டரம்மா வீட்டைக் காலி செய்துவிட்டு வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் போவதாக முடிவானது. மரச்சாமான்களை உறவுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்தில், மஞ்சள் பூ கொட்டும் படௌக் மரத்தடியில் நின்ற காரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய காலஞ்சென்ற கணவர் ஆசையாக வாங்கிய வண்டி அது. ஜப்பானில் செய்தது, இரண்டே இருக்கை, கரும்பச்சை நிறம், இருபத்தெட்டு வயது. கூரை மட்டும் கறுப்புத் துணி. இரண்டு கொக்கியை விடுவித்துப் பின்னால் தள்ளினால் மடிந்து போய் உட்கார்ந்துகொள்ளும்.

‘இருபது வருஷம் இந்த வீட்டு ஒழுகலையெல்லாம் அடைத்தாய். இதையும் நீயே வைத்துக்கொள், இதுவும் கொஞ்சம் ஒழுகும்’ என்று டாக்டரம்மா பர்மிய மொழியில் சொல்லிச் சிரித்தார். ‘கொஞ்சம்’ என்ற சொல்லை மாரிச்சாமி அப்போது கவனிக்கவில்லை.

கவனிக்கும் நிலையிலும் அவர் இல்லை. டாக்டரம்மாவின் டிரைவர் கூரையை மடக்கிக் காட்டியதும் ஓட்டுநர் இருக்கையில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தார். முப்பத்தைந்து வருஷமாகக் கழுவுதொட்டிக்கு அடியிலும், சுவர் இடுக்கிலும், தொட்டிக்கு உள்ளேயுமாகக் குனிந்தும் தவழ்ந்தும் வேலை செய்த மனிதர். எங்கே நிமிர்ந்தாலும் தலை எதிலாவது இடிக்கும். இங்கே நிமிர்ந்தார், எதிலும் இடிக்கவில்லை. மேலே இலை தெரிந்தது, இலைக்கு மேலே வானம் தெரிந்தது. அவ்வளவுதான், ஆள் விழுந்துவிட்டார்.

வீடு பசுந்தாங்கில் ஒரு சந்தில், நாலாவது மாடி. மனைவி அம்சவேணி பால்கனியை ஒட்டித் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு ரவிக்கை தைப்பவள். கரண்டை நம்பாமல் மிதி மிஷினையே வைத்திருந்தாள். அன்று சந்துக்குள் ஹார்ன் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். கீழே கரும்பச்சையில் ஏதோ நின்றது. அதன் நடுவில் புருஷன் தலை தெரிந்தது.

“என்னங்க, இதுக்கு மூடி எங்க?”

“பின்னாடி மடிச்சு வச்சிருக்கு. துணி.”

“துணியா? ரங்கூன்ல ஆறு மாசம் மழைங்க.”

“மீதி ஆறு மாசம் இருக்குல்ல!”

“மீதி ஆறு மாசம் வெயில்.”

நாலு மாடிக்குக் கேட்கிற மாதிரி நடந்த பேச்சு இது. மற்ற பால்கனிகளிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. சந்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் ஜுல்ஃபிகர், கையில் வடிகட்டித் துணியோடு ஓடி வந்து வண்டியை மூன்று சுற்று சுற்றினார். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. மாரிச்சாமியைப் பர்மிய வழக்கப்படி அண்ணன் முறை வைத்து ‘கோ’ போட்டுக் கூப்பிடுவார். “கோ மாரி, இது சினிமாக்காரங்க வச்சிருக்கற வண்டி. நீங்க பிளாஸ்டிக் பைப்ப எதுல ஏத்துவீங்க?” என்று கேட்டார். நல்ல கேள்விதான். மாரிச்சாமி பைப்பை எடுத்துக் கூரை இல்லாத இடத்தில் நெட்டுக்குத்தலாக நிறுத்திக் காட்டினார். கொடிக்கம்பம் வைத்த வண்டி மாதிரி இருந்தது.

மழைக்காலம் தொடங்கிப் பத்தாம் நாள் வண்டிக்குள் காலடியில் தண்ணீர் நின்றது. மாரிச்சாமி ஜுல்ஃபிகரிடம் ஒரு காலி பால் டின்னை வாங்கி இறைத்து ஊற்றினார். மறுநாளும் இறைத்தார். அதற்கு மறுநாளும். காலையில் எழுந்து டீக்கு முன்னால் வண்டி இறைப்பது என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று.

இந்த நேரத்தில்தான் அம்சவேணியின் அக்காள் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. அக்காள் புஷ்பா வீடு தின்கன்ஜூனில். பஸ்ஸில் போகலாம் என்றாள் அம்சவேணி. சொந்த வண்டி வைத்துக்கொண்டு பஸ்ஸா என்று மாரிச்சாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. இருக்கையில் பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் துண்டு விரித்து, பட்டுப்புடவையில் அவளை உட்கார வைத்துக் கிளம்பினார். வழியெல்லாம் மழை. மேலேயிருந்து ஒரு சொட்டு விழவில்லை. அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். “எப்படி?” என்று அதற்கு அர்த்தம்.

அப்போது முன்னால் ஒரு டாக்ஸி திடுக்கென்று நின்றது. மாரிச்சாமி பிரேக்கை மிதித்தார். பின்னாலிருந்து யாரோ ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் எடுத்து ஊற்றினது போல அம்சவேணியின் கழுத்தில் தொடங்கி இடுப்பு வரைக்கும் சில்லென்று இறங்கியது.

அவள் கத்தவில்லை. கையைப் பின்னால் விட்டு முதுகைத் தடவிப் பார்த்தாள். பிறகு, “பின்னாடியிருந்து வந்துச்சு” என்றாள்.

“பின்னாடியிருந்து எப்படி வரும்? மேலதான் கூரை. கூரையில இருந்துதான் வரும்.”

“என் முதுகு நனைஞ்சிருக்கு, தலை நனையல.”

“காத்துல அப்படித்தான் தெரியும். தண்ணி விஷயத்த எங்கிட்ட விடு.”

விட்டுவிட்டாள். நிச்சயதார்த்த வீட்டில் நாள் முழுக்கச் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தாள். அக்காள் கேட்டதற்கு முதுகு வலி என்றாள். திரும்பும்போது பஸ்ஸில் வந்தாள். “இனிமே அந்த வண்டியில நான் உக்காந்தா என் பேரு அம்சவேணி இல்ல” என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அதைத் தனியாக அவரிடம் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மூன்றாம் மாடி லத்தீபாவும் கூட இருந்தபோது சொன்னாள். மாரிச்சாமியின் தொழில் மானமே அங்கே கப்பலேறியது.

அடுத்த இரண்டு மாதத்தில் அவர் அந்தக் கூரைக்குச் செய்யாதது ஒன்றுமில்லை.

முதலில் துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்த இடங்களிலெல்லாம் பழைய குடைத் துணியை ஒட்டுப் போட்டார். தைத்துக் கொடுத்தது அம்சவேணிதான். உட்காரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள், தைக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. ஏழு ஒட்டு. ஒழுகல் நிற்கவில்லை. அடுத்து, பழைய இரும்புக் கடையில் ஒரு செத்துப்போன குளிர்பெட்டியின் கதவு ரப்பரை வாங்கி வந்து ஜன்னல் ஓரமெல்லாம் பதித்தார். ஜன்னலை ஏற்றினால் இறங்கவில்லை, இறக்கினால் ஏறவில்லை. ஒழுகல் மட்டும் வழக்கம்போல நடந்தது. மூன்றாவதாக, கண்ணாடித் தொட்டி ஒட்டும் சிலிக்கான் பசையை எடுத்துக் கூரை முன்விளிம்பு முழுக்க ஒரு விரல் தடிமனுக்குப் பூசினார். நல்ல வேலைப்பாடு. காய்ந்த பிறகு கொக்கியைக் கழற்றிக் கூரையை மடக்கப் பார்த்தால், கண்ணாடியோடு கூரை ஒன்றாகிவிட்டிருந்தது. வானம் பார்க்க வாங்கிக்கொண்ட வண்டியில் வானத்தை நிரந்தரமாக மூடிவிட்டார்.

ஜுல்ஃபிகர் அதைப் பார்த்துவிட்டு, “இப்ப இது சாதா வண்டி ஆயிருச்சு, கோ மாரி. பிரச்சினை தீந்துச்சு” என்றார்.

தீரவில்லை. மறுநாள் காலையிலும் பால் டின்னுக்கு வேலை இருந்தது.

பாங்காக்கில் வேலை செய்யும் மகள் விஜயகுமாரி வாரம் ஒரு தடவை போனில் முகம் காட்டிப் பேசுவாள். அவளுக்குத் தமிழ் புரியும். பேச்சு பாதிக்கு மேல் பர்மியத்தில்தான் வரும். “அப்பா, இந்த மாதிரி கார் எல்லாத்துலயும் இந்தப் பிரச்சினை இருக்காம். ஒரு வீடியோ அனுப்பறேன், சிம்பிளா சொல்றான்” என்றாள். வீடியோ வந்தது. மாரிச்சாமி அதைத் திறக்கவில்லை. நெட் மெதுவாக இருக்கிறது என்று காரணம் சொன்னார். முப்பத்தைந்து வருஷம் ஒழுகல் பார்த்தவனுக்கு எவனோ ஒருத்தன் போனில் பாடம் எடுப்பதா என்பதுதான் உண்மைக் காரணம். அதை அம்சவேணியிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

ஆகஸ்டில் இருக்கைக்கு அடியில் காளான் முளைத்தது. கீழ்வீட்டு நூர் பீவி அதைக் குனிந்து பார்த்து, சமைக்கிற ஜாதியா என்று விசாரித்தாள். பிறகு ஒருநாள் டெங்குக் கொசு பார்க்கிற பெண்கள் இரண்டு பேர் சந்துக்கு வந்தார்கள். பூந்தொட்டி, தண்ணீர்ப் பீப்பாய், பழைய டயர் என்று எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் வண்டி பக்கம் நின்றார்கள். உள்ளே காலடித் தண்ணீரில் டார்ச் அடித்தாள் ஒருத்தி. மற்றவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். நெளிநெளியாகப் புழுக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“இது யார் கார்?” என்று பர்மிய மொழியில் கேட்டாள்.

சந்து முழுக்க ஒரே குரலில் பதில் சொன்னது. அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் போடுகிற மருந்து மணலில் ஒரு கரண்டி எடுத்து வண்டிக்குள் தூவினாள். தன் நோட்டில் ‘தண்ணீர்ப் பாத்திரம் - ஒன்று’ என்று எழுதிக்கொண்டாள்.

மாரிச்சாமி அன்று மத்தியானம் சாப்பிட வந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்சவேணிக்கும் கேலி பேச மனசு வரவில்லை. வாரத்துக்கு நாலு வீடு போய்க் கொண்டிருந்தவரை இரண்டு வீட்டுக்காரர்கள் இந்த மாதம் கூப்பிடவில்லை. வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள் என்று லத்தீபா சொல்லியிருந்தாள். மனுஷன் ராத்திரியில் செப்புக் குழாயை எடுத்து வெறுமனே தன் வீட்டுச் சுவரில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்ததை அவளே பார்த்திருந்தாள்.

“உள்ள ஒரு ஆளு உக்காந்து பார்க்கணும்” என்றார் கடைசியில், தட்டைப் பார்த்துக்கொண்டே. “வெளியில நான் ஊத்தணும். எங்க வருதுன்னு உள்ள இருந்து பார்த்தாத்தான் தெரியும். ஜுல்ஃபிகரைக் கூப்பிட்டேன். அவரு வயித்துக்கு அந்தக் கதவு சாத்தாது.”

அம்சவேணி மிளகாய் ஊறுகாயை அவர் பக்கம் தள்ளினாள். “நாளைக்கு எத்தன மணிக்கு?” என்றாள்.

“உன் பேரு...”

“பேர மாத்திக்கறேன். நீங்க சாப்பிடுங்க.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மழை விட்டிருந்தது. மாரிச்சாமி மூன்று வாளித் தண்ணீரும் ஒரு செடிக்கு ஊற்றும் பூவாளியும் தயார் செய்தார். அம்சவேணி பழைய புடவை கட்டிக்கொண்டு, தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி போட்டு, கையில் டார்ச்சோடு வண்டிக்குள் ஏறினாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் உள்ளே உட்கார்ந்ததைப் பார்க்க எல்லா மாடியிலும் ஆள் இருந்தது. சந்தில் ஞாயிற்றுக்கிழமை வேறு பொழுதுபோக்கும் கிடையாது.

கண்ணாடி ஏற்றியாயிற்று. மாரிச்சாமி முன்விளிம்பில் தண்ணீர் ஊற்றினார்.

“வருதா?” என்று கத்தினார்.

உள்ளேயிருந்து, “என்னது?” என்றாள்.

“தண்ணி! வருதா?”

“கேக்கல!”

“தண்... வரு...தா?”

“டீயா? இப்ப வேணாம்!”

ஜுல்ஃபிகர் டீ என்ற சொல்லைக் கேட்டு ஒரு கிளாஸோடு வந்துவிட்டார். பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: வந்தால் டார்ச்சை ஒரு தடவை அடிப்பது, வராவிட்டால் இரண்டு தடவை. முன்விளிம்பில் ஊற்றினார், இரண்டு தடவை. ஒட்டுப் போட்ட இடத்தில் ஊற்றினார், இரண்டு தடவை. ஓட்டுநர் பக்க ஜன்னலில் ஊற்றினார், இரண்டு தடவை. மாரிச்சாமிக்குக் கை சோர்ந்தது. இரண்டு மாதமாக அவர் பூசின இடம், ஒட்டின இடம், அடைத்த இடம் எதிலும் சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. மூன்றாவது வாளியைப் பூவாளியில் நிரப்பக்கூடப் பொறுமை இல்லாமல் அப்படியே கூரை நடுவில் கவிழ்த்தார். தண்ணீர் கூரை வழியாகப் பின்கண்ணாடிப் பக்கம் ஓடி, அங்கே மறைந்தது.

டார்ச் ஒரு தடவை அடித்தது. உடனே இன்னொரு தடவை. பிறகு நிற்காமல் மின்னிக்கொண்டே இருந்தது.

கதவைத் திறந்தார். அம்சவேணி இருக்கையில் முட்டிபோட்டுப் பின்பக்கம் திரும்பி, இருக்கைக்கும் பின்சுவருக்கும் நடுவில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

“மேலயிருந்து சொட்டலங்க. இங்க பாருங்க. கூரைத் துணி வந்து முடியற எடத்துல மடிப்பு மாதிரி ஒரு வாய்க்கால் இருக்கு. தண்ணியெல்லாம் அதுல வந்து நிக்குது. நின்னு நெறைஞ்சு, இந்தப் பக்கம் வழியுது. பாவாடை நாடாவுக்கு மடிச்சுத் தைக்கறோம்ல, அந்த மாதிரி. ரெண்டு மூலையிலயும் கீழ போக ஓட்டை வச்சிருக்கான். அதுல தண்ணி எறங்கல.”

மாரிச்சாமி எட்டிப் பார்த்தார். மூலையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். அதன் வாயில் கறுப்பாகச் சேறு. விரலை விட்டுக் கிளறினார். மக்கிப்போன இலை, இலைக்குள் இலை, மஞ்சள் நிறம் போய்ப் பழுப்பான படௌக் பூ. டாக்டரம்மா வீட்டு மரம் பல வருஷமாக உதிர்த்ததெல்லாம் அதற்குள் இருந்தது.

அவர் நிமிரவில்லை. 

கோளாறு கூரை ஓட்டையில் இல்லவே இல்லை. சாக்கடை அடைத்துக்கொண்டிருந்தது. பசுந்தாங்கில் எந்த வீட்டுக்காரராவது கழுவுதொட்டியில் தண்ணீர் நிற்கிறது என்று கூப்பிட்டால், படி ஏறும் முன்பே, ‘அடைப்பு’ என்று சொல்லிவிடுகிற ஆள் அவர். இந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட அந்தச் சொல் அவர் மனசில் வரவில்லை.

“அடைப்பு” என்றார் மெதுவாக.

“ஆமாங்க” என்றாள் அம்சவேணி. “அன்னிக்கே பின்னாடியிருந்து வந்துச்சுன்னு...” என்று தொடங்கியவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். “அடுப்புல பருப்பு இருக்கு” என்று சொல்லி இறங்கி, நிதானமாகப் படியேறிப் போனாள். முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி வரைக்கும் சத்தமில்லை. நாலாம் மாடிக் கதவு சாத்தின பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பால்கனி திறந்திருந்ததை மறந்துவிட்டாள். அந்தச் சிரிப்பு சந்து முழுக்கக் கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், மறுபடியும் மேலேறியது. லத்தீபாவுக்குத் தொற்றி, நூர் பீவிக்குத் தொற்றி, கடைசியில் ஜுல்ஃபிகர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மாரிச்சாமி எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். முதலில் கோபப்படுவதா என்று யோசித்தார். பிறகு அவர் உதடும் கோணியது. “சரி, சரி. சிரிச்சுக்கங்க. யாராவது ஒரு சைக்கிள் பிரேக் கம்பி குடுங்க” என்றார்.

கம்பி வந்தது. அதற்கப்புறம் நடந்தது அவர் தொழில். கம்பி முனையை உள்ளேயிருக்கும் ரப்பர் குழாயைக் கிழிக்காதபடி மழுங்கடித்தார். வலது மூலைத் துவாரத்தில் விட்டு, விரலால் உருட்டி உருட்டி இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். சந்து தானாக அமைதியாயிற்று. ஒரு முழம் போய்க் கம்பி நின்றது. கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார், திருப்பினார், மறுபடி தள்ளினார். வண்டிக்கு அடியிலிருந்து, தொண்டை செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்த நொடி கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டி, பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்த ஜுல்ஃபிகரின் புதுச் செருப்பு இரண்டையும் நனைத்துக்கொண்டு ஓடியது.

“ஆமே!” என்று பர்மியத்தில் அம்மாவைக் கூப்பிட்டு அவர் துள்ளினார். இப்போது மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இடது மூலையில் அடைப்பு இன்னும் கெட்டி. அரைமணி நேரம் பிடித்தது. இலையோடு ஒரு பேனா மூடியும் வந்தது.

அடைப்பு எடுத்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. இரண்டு மாதமாகத் தான் செய்து வைத்த ரிப்பேரை ரிப்பேர் செய்யவே மாரிச்சாமிக்கு ஒரு வாரம் ஆயிற்று. சிலிக்கானைப் பிளேடால் நூல் நூலாகச் செதுக்கி எடுத்தார். குளிர்பெட்டி ரப்பரைப் பிடுங்கினார். அதைப் பதிக்கும்போது அவரே நெம்பிவிட்டதில் இடது ஜன்னலின் சொந்த ரப்பர் எங்கோ தூக்கிக்கொண்டிருந்தது; பழைய ஒழுகல் போய்ப் புது ஒழுகல் ஒன்று, சின்னதாக, அங்கே சொட்டியது. எந்த இடம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

அதற்கும் அம்சவேணிதான் வழி சொன்னாள். முகத்துக்குப் பூசுகிற தனக்காப் பொடியை எடுத்து வந்து ரப்பர் நெடுகத் தூவினாள். கண்ணாடியை ஏற்றித் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். பிறகு திறந்து பார்த்தால், ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொடி கரைந்து கோடாக வழிந்திருந்தது. அந்த இடத்தில் ரப்பருக்கு அடியில் ஒரு துண்டு சைக்கிள் டியூப்பை வைத்து மாரிச்சாமி நிமிர்த்தினார். சொட்டு நின்றது.

“இது எப்படித் தெரியும் உனக்கு?” என்றார்.

“துணி வெட்டறதுக்கு முன்னாடி சுண்ணாம்புக்கட்டியில கோடு போடறதில்லையா? அது மாதிரிதான்.” அவள் மூக்கு நுனியில் தனக்கா ஒட்டியிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருந்தது.

அன்று போனில் மகள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அப்பா, அந்த வீடியோவுல இதுதானே சொன்னான்! தண்ணி வடியற ஓட்டை அடைச்சிருக்கும்னு!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“நெட் மெதுவா இருந்துச்சும்மா” என்றார் மாரிச்சாமி.

செப்டம்பர் நடுவில் க்யிம்யிண்டைங்கில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பன்னிரண்டு ரவிக்கை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. மழை பிய்த்துக்கொண்டு ஊற்றியது. அம்சவேணி பொட்டலத்தை இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, பஸ்ஸுக்குக் குடையை எடுத்தாள். மாரிச்சாமி வண்டிச் சாவியை மேஜையில் வைத்தார். வாவென்று கூப்பிடவும் பயம், கூப்பிடாமலிருக்கவும் மனசில்லை. அவள் சாவியைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பார்த்தாள். “ரவிக்கை நனைஞ்சா நீங்கதான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

போகிற வழியில் நாலு இடத்தில் அவர் வேண்டுமென்றே பிரேக் போட்டார். நாலு தடவையும் திரும்பி அவள் முதுகைப் பார்த்தார். “காஞ்சுதான் இருக்கு. ஒழுங்கா ஓட்டுங்க” என்றாள். கல்யாண வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தபோது ரவிக்கைகள் மிஷினிலிருந்து எடுத்த மாதிரி இருந்தன. அந்த வீட்டுக்காரர், வண்டியைப் பார்த்தபடி, இந்த மழையில் இதிலா வந்தீர்கள் என்று ஆச்சரியப்பட்டார். “தண்ணி வேலை நமக்குத் தொழில்ங்க” என்றார் மாரிச்சாமி. அம்சவேணி இருமினாள். அவர் உடனே, “அடைப்பக் கண்டுபிடிச்சது இவதான்” என்று சேர்த்துக்கொண்டார்.

திரும்பும்போது ஆற்றோரமாக வந்தார்கள். படகுத்துறை தாண்டியதும் மழை சட்டென்று நின்றது. மேகம் கிழிந்து ஒரு பக்கம் வெயில் அடித்தது. ரோடு பளபளத்தது.

“கூரையத் திறங்க” என்றாள் அம்சவேணி.

மாரிச்சாமி திடுக்கிட்டார். “இப்பத்தான் உள்ள நல்லா காஞ்சிருக்கு. அங்க பாரு, கறுப்பா இன்னொரு மேகம் நிக்குது.”

“நிக்கட்டும்.”

“கார்பெட் நனைஞ்சிரும், அம்சா. காய வைக்க எனக்கு ஒரு வாரம் ஆச்சு.”

“மூணு மாசமா இந்த வண்டிக்காக ஊரெல்லாம் சிரிச்சுது. திறந்து வச்சா எப்படி இருக்கும்னு நான் ஒரு தடவைகூடப் பாக்கல.”

அவர் ஓரமாக நிறுத்தினார். கொக்கிகளை விடுவித்தார். மூலையில் இலை ஏதாவது கிடக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே கூரையைப் பின்னால் மடித்தார். அம்சவேணி கொண்டையை இறுக்கிக்கொண்டு, தலையை இருக்கையில் சாய்த்தாள். பக்கத்தில் வந்து நின்ற பஸ்ஸிலிருந்து ஜன்னல் நிறையப் பேர் குனிந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள், ஆனால் தலையை எடுக்கவில்லை.

வண்டி கிளம்பியது. மாரிச்சாமி பாதி ரோட்டையும் பாதி மேகத்தையும் பார்த்து ஓட்டினார்.

“ரோட்டப் பாருங்க” என்றாள். “மேல நான் பாத்துக்கறேன்.” சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவர் கையில் ஒரு துளி விழுந்தது. பிரேக்கில் கால் வைத்தார். அம்சவேணி கண்ணைத் திறக்காமலே, “இன்னும் ஒரு ஸ்டாப் போகலாங்க” என்றாள். மாரிச்சாமி காலை எடுத்துவிட்டார்.